பேரம் பேசாத மனிதர்

1 அக்டோபர் 2018, திங்கள்

கஸ்பாரின் துப்பாக்கிகளை விற்றுவிடுவதென்று முடிவு செய்தேன். வீட்டில் பதினொன்று இருக்கின்றன. பன்னிரண்டாவது ஷெரிஃப் அலுவலகத்தில் இருக்கிறது. வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று இரண்டு முறை கடிதம் எழுதினார்கள். நான் பதில் போடவில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்டில், கராஜில் துடைத்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்து என் கணவர் கஸ்பார் இறந்தார். ஓஹையோவின் இந்தச் சிற்றூரில் நாற்பது ஆண்டுகள் எலும்பு மருத்துவராக இருந்தவர். எதையும் கவனமாகச் செய்பவர். விபத்து யாருக்கும் நேரலாம்.

ரீனா கலிபோர்னியாவிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதையே சொல்கிறாள். "மம்மி, அத்தனையையும் வீட்ல வச்சிக்கிட்டு எப்படித் தூங்குறீங்க? யாரையாவது கூப்பிட்டு மொத்தமா குடுத்துடுங்க." கூப்பிட்டேன். ஊர்த் துப்பாக்கிக் கடைக்காரர் இன்று காலை வந்தார். கஸ்பாரின் விலைப் புத்தகத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டாவது பிஸ்கட் கொடுக்கவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, பொருட்காட்சி மைதானத்தில் துப்பாக்கிச் சந்தை நடக்கிறது. மேசை வாடகைக்குக் கிடைக்கும். நானே போய் விற்கப்போகிறேன்.

மருமகன் கண்ணில் பட்டால் படிக்கக் கூடாது என்பதற்காகத் தமிழில் எழுதுகிறேன். கான்வென்ட்டில் தமிழ் பேசினால் அரையணா அபராதம். அப்போது பேசாமல் விட்ட தமிழ் எனக்குள் நிறைய மிச்சம் இருக்கிறது.

4 அக்டோபர், வியாழன்

வெள்ளை மேசை விரிப்பைக் கஞ்சி போட்டுத் தேய்த்தேன். பதினொரு விலைச் சீட்டுகள் எழுதினேன். எல்லாம் புத்தக விலை, ஒரு டாலர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பன்னிரண்டாவது சீட்டில் "விலை இறுதியானது" என்று எழுதினேன். என் கையெழுத்து இன்னும் கோணவில்லை.

6 அக்டோபர், சனி

பொருட்காட்சியில் பசுக்களுக்குப் பரிசு கொடுக்கும் கொட்டகையில்தான் சந்தை. சாணி நாற்றம் சுவரிலேயே தங்கிவிட்டிருக்கிறது. நாற்பது மேசைகள். புடவை கட்டியவள் நான் ஒருத்திதான். மேசைக்கு விரிப்பு போட்டவளும் நான் ஒருத்திதான்.

கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எதிர் மேசைக்காரர் வந்து, கஸ்பாரின் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்து, நான் கேட்ட அறுநூறு டாலரைக் கொடுத்து வாங்கினார். முறையான மனிதர் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு அதே துப்பாக்கி அவர் மேசையில் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து டாலருக்கு இருந்தது.

பக்கத்து மேசைக்காரர் பெயர் எல்மர். ஓய்வுபெற்ற தபால்காரர். சிரித்ததில் அவருடைய பல்செட் நகர்ந்துவிட்டது. அவருடைய பேச்சைத் தமிழில் எழுதினால் எங்கள் தூத்துக்குடி மீன் ஏலக்காரர் போலத்தான் வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், கதவு திறக்குறதுக்கு முன்னாடிதான் இங்க பாதி வியாபாரம். எங்களுக்குள்ள கைமாத்திக்குவோம். ஒவ்வொரு கைக்கும் விலை ஏறும்."

"இங்கே எல்லாமே ஏன் இவ்வளவு விலை? கடையில் குறைவாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"மேசைக்கு எழுபது டாலர். மூணு மணி நேரம் வண்டி ஓட்டி வர்றேன். தூங்க மோட்டல். விக்காம திருப்பி எடுத்துட்டுப் போற நாள்தான் ஜாஸ்தி. இதையெல்லாம் யார் தலையில கட்டுறது? அப்புறம், வர்றவன் வாசல்ல எட்டு டாலர் குடுத்துட்டு வர்றான். நூறு டாலர் அடிச்சுக் குறைச்சேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லியாகணும். அந்த நூறை நான் முன்கூட்டியே ஏத்தி வைக்கணும்ல?"

"அவ்வளவுதானா?"

"இல்ல. கடையில வாங்கினா படிவம், அரசாங்கச் சரிபார்ப்பு. உங்கள மாதிரி, என்னை மாதிரி சொந்தத் துப்பாக்கியை விக்கிறவன்கிட்ட அதெல்லாம் வேண்டாம். எதுவும் கேக்காம குடுக்குறோம்ல, அந்தக் கேக்காததுக்கும் ஒரு விலை இருக்கு மேடம்."

நான் கேட்பேன் என்று சொன்னேன். கொட்டகைக் கோடியில் உரிமம் பெற்ற கடைக்காரர் ஒருவருடைய மேசை இருக்கிறது. இருபத்தைந்து டாலர் கொடுத்தால் அவர் வாங்குபவரின் பெயரைச் சரிபார்த்துச் சொல்வார். என்னிடம் வாங்குகிறவர் அங்கே வர வேண்டும். இன்று நான்கு பேர் வரமாட்டேன் என்று போய்விட்டார்கள். போகட்டும்.

எல்மர் இன்னொரு காரணமும் சொன்னார். "விலை கூட இருந்தாத்தான் நின்னு சண்டை போடுவான். அந்தப் பத்து நிமிஷம் அவன் மூஞ்சியப் பார்ப்பேன். சொன்ன விலையை அப்படியே எண்ணி வைக்கிறவனுக்கு நான் விக்கிறதில்ல."

"ஏன்?"

"அவன் அவசரத்துல இருக்கான்."

நாற்பது ஆண்டு தபால் போட்டவருக்குப் பேச ஆள் வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு தத்துவம். பேரம் பேசுவது அந்தஸ்துக் குறைவு என்று மதர் சுப்பீரியர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

14 அக்டோபர், ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாமியார் பிரசங்கத்தில் ஒரே உவமையை இரண்டு முறை சொன்னார். வாசலில் சுட்டிக்காட்டினேன். நன்றி சொன்னார், மகிழ்ச்சியாக இல்லை.

27 அக்டோபர், சனி

விலைச் சீட்டுகளைத் திருத்தி எழுதினேன். எதிர் மேசைக்காரர் இன்னொரு முறை என்னை முட்டாளாக்க நான் இடம் தரப்போவதில்லை. ரிவால்வருக்குப் புத்தகத்தில் ஐந்நூற்று இருபது. நான் தொள்ளாயிரம் போட்டேன். "விலை இறுதியானது" சீட்டு அப்படியே இருக்கிறது.

3 நவம்பர், சனி

இரண்டு ரைஃபிள்களும் ரிவால்வரும் விற்றன. ரைஃபிள் வாங்கிய இருவரும் சரிபார்ப்புக்கு வந்தார்கள். ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ரிவால்வர் நம் ஊர்ப் பிள்ளைக்குப் போனது. இதை முழுதாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இன்றைக்கு நல்லதாக நடந்தது அது ஒன்றுதான்.

பதினோரு மணிக்கு ரீனாவுடன் போனில் பேசி முடித்தேன். மேசைக்கு எதிரே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். தேய்த்த சட்டை, நன்றாக வாரிய தலை.

"ஆன்ட்டி, நீங்க தூத்துக்குடியா? போன்ல பேசுனதக் கேட்டேன். நம்ம ஊர்ப் பேச்சு காதுல விழுந்து எத்தன நாளாச்சு."

"ஆமா. நீங்க எந்தக் கோயில் பங்கு?"

"மணப்பாடு, ஆன்ட்டி. படிச்சதெல்லாம் தூத்துக்குடியில, சாமியார் ஸ்கூல்ல. பேரு ஆல்வின் கொரேரா."

"எந்தக் கொரேரா?"

"அப்பா லைட்ஹவுஸ்ல வேல பார்த்தாங்க."

லைட்ஹவுஸ் கொரேராவின் மனைவி என் தங்கையோடு கான்வென்ட்டில் படித்தவள். கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பாள். சொன்னதும் அவர் முகம் ஒரு கணம் சின்னப் பையனின் முகமாகிவிட்டது. அம்மா போன வருடம் தவறிவிட்டதாகவும், தன்னால் போக முடியவில்லை என்றும் சொன்னார். இங்கிருந்து நூறு மைல் தெற்கே பெட்ரோல் பங்கும் கடையும் வைத்திருக்கிறாராம். இரண்டு முறை கொள்ளை நடந்ததாம். "அதான் ஆன்ட்டி, கடைக்கு ஒண்ணு இருந்தா நல்லதுன்னு."

மேசையிலிருந்த ரிவால்வர் பக்கம் கை காட்டினார். நான் விலை சொல்வதற்குள் சீட்டைப் படித்து, ஒன்பது நூறு டாலர் தாள்களை எண்ணி விரிப்பின்மேல் வைத்தார். ஒரு வார்த்தை கூடக் குறைத்துக் கேட்கவில்லை. காலையிலிருந்து இறைச்சிக் கடையில் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மத்தியில் எனக்கு நிறைவாக இருந்தது. வளர்ப்பு என்பது இதுதான்.

"தோட்டா இருக்கா ஆன்ட்டி?"

"ஒரு பெட்டி இருக்கு. எடுத்துக்கோங்க, அதுக்குக் காசு வேண்டாம்."

"பெட்டி எதுக்கு? கொஞ்சம் போதும்."

ஆறு கொடுத்தேன். கைக்குட்டையில் முடிந்துகொண்டார். கடையின் போன் நம்பரைக் கேட்டேன், கைபேசி நம்பரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். சரிபார்ப்புக்கு அழைத்துப் போகவில்லை. மணப்பாட்டுக் கொரேரா யார் என்று அந்த மேசைக்காரருக்கு என்ன தெரியும்?

எல்மர் ஹாட் டாக் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்ததும் சொன்னேன்.

"எவ்வளவு குறைச்சீங்க?"

"குறைக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை."

"கையில எடுத்துப் பார்த்தாரா? குழலுக்குள்ள பார்த்தாரா? விசையை இழுத்துப் பார்த்தாரா?"

"அவர் என் ஊர்க்காரர், எல்மர்."

எல்மர் நான்கு மணிக்கு என் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்.

5 நவம்பர், திங்கள்

எல்மர் போன் செய்தார். அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசினீர்களா என்று கேட்டார். பொருளை விற்றபின் வாங்கியவரைத் துரத்துவது எங்கள் வழக்கமில்லை என்றேன்.

6 நவம்பர், செவ்வாய்

வாக்களித்தேன். கிறிஸ்துமஸ் கேக்குக்குத் திராட்சையைப் பிராந்தியில் ஊறப் போட்டேன். ஆல்வினைக் கூப்பிடவில்லை.

7 நவம்பர், புதன்

கூப்பிடவில்லை. என்னவென்று கேட்பது?

8 நவம்பர், வியாழன்

ரீனாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"மம்மி, போலீஸைக் கூப்பிடுங்க. வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வருவாங்க. அதுக்குன்னே ஆள் இருக்காங்க."

"என்னன்னு சொல்லுவேன்? ஒரு மரியாதையான மனுஷன் பேரம் பேசல, வந்து பாருங்கன்னா?"

"ஆமா, அப்படியே சொல்லுங்க."

"அந்தக் குடும்பத்து வாசல்ல போலீஸ் வண்டி நின்னா நாலு பேர் என்ன பேசுவாங்க தெரியுமா?"

"தெரியும் மம்மி," என்றாள். "நம்ம வாசல்லயும்தான் நின்னுச்சு."

போனை வைத்துவிட்டேன். மரியாதையில்லாமல் பேசினாள்.

9 நவம்பர், வெள்ளி

கைபேசிக்குக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். கேக் செய்வதாகவும், ஊர் ஞாபகம் வந்ததாகவும் சொன்னேன். அது பொய்யில்லை.

"ரொம்ப சந்தோஷம் ஆன்ட்டி. அம்மா பேசுன மாதிரி இருக்கு."

"கடை எப்படிப் போகுது?"

"கடையா? அது செப்டம்பர்லயே கைமாறிட்டு ஆன்ட்டி. கடன்காரங்க எடுத்துக்கிட்டாங்க. இப்ப நிம்மதியா இருக்கேன். எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிட்டேன். நீங்க கவலைப்படாதீங்க."

கடைக்காக வாங்கியதாகச் சொன்னாரே, கடை இல்லையென்றால் அது எதற்கு என்று கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. ஒரு மனிதரின் கஷ்டத்தைத் துருவிக் கேட்பது நாகரிகமில்லை. நலமாக இருங்கள், வீட்டில் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று முடித்தேன்.

குரல் தெளிவாக இருந்தது. நடுக்கமில்லை. ஆகஸ்டில் அந்த வாரம் முழுவதும் கஸ்பாரின் குரலும் தெளிவாகவே—

திராட்சைக்கு இன்னும் கொஞ்சம் பிராந்தி ஊற்றினேன்.

10 நவம்பர், சனி

காலை ஒன்பது, பதினொன்று, இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்று மணிக்கு, ரீனா சொன்னபடி, அவர் ஊர் போலீஸைக் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னதும் அந்தப் பெண், கொஞ்சம் காத்திருங்கள் என்றாள். பிறகு வேறொருவர் பேசினார். நீங்கள் அவருக்கு உறவா என்று கேட்டார். முந்தின நாள் மாலையே அவர்கள் அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்றார்.

நான் பேசியது பகல் பன்னிரண்டு மணிக்கு.

11 நவம்பர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

15 நவம்பர், வியாழன்

எல்மர் வந்தார். மூன்று மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறார். ஆல்வின் போய்விட்டதை வாசலிலேயே சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இரண்டாயிரத்து ஒன்பதில் இப்படித்தான் தானும் ஒருவருக்கு விற்றதாகச் சொன்னார். பள்ளிக்கூட ஆசிரியர். நன்றி சொல்லி, கை குலுக்கி, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போனாராம். "அதுக்கப்புறந்தான் மேடம் விலைய ஏத்துனேன். மத்த காரணமெல்லாம் உண்மைதான். ஆனா நான் ஏத்துனது அதுக்கு அப்புறம்."

அவருக்குச் சாப்பாடு போட்டேன். மீதியுள்ள ஏழு துப்பாக்கிகளையும் ஷெரிஃப் அலுவலகத்திடம் ஒப்படைத்து அழிக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். கூடவே வந்து தூக்கி வைத்தார். அங்கே இருந்த பன்னிரண்டாவதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

24 நவம்பர், சனி

ஆல்வினின் வீட்டுக்குப் போனேன். அடக்கம் முடிந்து எட்டு நாள் ஆகிறது. இரண்டு மணி நேரம் ஓட்டினேன், பாதி வழியில் பனி.

அவர் மனைவி மெர்லின் கதவைத் திறந்தாள். உவரிக்காரி. நாற்பது வயது இருக்கும். வாசல் பக்கம் மூடி போட்ட சாப்பாட்டுப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன, யாரும் தொடாமல்.

"இவங்களுக்குச் சொந்தமா ஆன்ட்டி?"

"இல்லம்மா. நான் டாக்டர் கஸ்பாரோட வீட்டுக்காரி. அந்த ரிவால்வரை அவருக்கு வித்தது நான்."

கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன். சாத்தினால் சரி என்றுதான் நினைத்தேன். "உள்ள வாங்க, குளிருது," என்றாள். சோபாவில் இருந்த துணிகளை நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எவ்வளவு குடுத்தாங்க?"

"தொள்ளாயிரம்."

"எவ்வளவு சொன்னீங்க?"

"தொள்ளாயிரம்தான் சொன்னேன்."

அவள் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். "இவங்க தக்காளிக்குப் பேரம் பேசுத ஆளு ஆன்ட்டி. சூப்பர் மார்க்கெட்ல பில்லு போடுத பிள்ளகிட்ட, மல்லி வாடியிருக்கு, அம்பது சென்ட் குறைங்கன்னு நிப்பாங்க. நானும் மகளும் யாரோ எவரோன்னு அந்தப் பக்கமாப் போய் நின்னுக்கிடுவோம். மானம் போவும். சொன்ன வெலையக் குடுத்தாங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்த யாராவது சொல்லியிருந்தா, எனக்கு அப்பமே தெரிஞ்சிருக்கும்."

என்னிடம் அவளுடைய நம்பர் இல்லை. ஆல்வினிடம் கேட்டிருந்தால் அன்றே கிடைத்திருக்கும். இதை அவளிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, போதும் என்றா, தெரியவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மகளுக்குப் பதினாறு வயசு. அவகிட்ட, அப்பா துப்பாக்கியத் தொடைக்கும்போது வெடிச்சிட்டுன்னு சொல்லியிருக்கேன். நம்ப மாட்டேங்கா. உங்க வீட்டுக்காரங்களும் அப்படித்தான் தவறுனாங்கன்னு கோயில்ல பேசிக்கிட்டாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க ஆன்ட்டி. வேற ஒண்ணும் வேண்டாம். அது ஒண்ணு செய்யுங்க எனக்கு."

அவளுக்கு நான் வேறெதுவும் செய்ய முடியாது. சரி என்றேன்.

மகள் ஆஷ்லின் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அப்பாவின் தேய்த்த சட்டையைப் போட்டிருந்தாள். உட்காரவில்லை. ஆங்கிலத்தில்தான் பேசினாள்.

"உங்க கணவரும் துடைக்கும்போதுதான் இறந்தாரா?"

பதினைந்து மாதமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. சாமியாரிடம் சொன்னேன், ஷெரிஃபிடம் சொன்னேன், ரீனாவிடம் சொன்னேன். இலக்கணப் பிழையில்லாத வாக்கியம். கேட்டவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு ஏற்றுக்கொண்டார்கள். இந்தப் பெண் குனியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இல்லை," என்றேன். "கராஜுக்கு முதலில் போனவள் நான். எண்ணெய்ப் புட்டியின் மூடி திறக்கப்படவே இல்லை. துணி மடித்தபடி இருந்தது. அவர் துடைக்கவில்லை. உன் அப்பாவும் துடைக்கவில்லை."

மெர்லின் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"அதுக்கு முன்னாடி அவர் எப்படி இருந்தார்?" என்றாள் ஆஷ்லின்.

"தெளிவாக இருந்தார். எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினார். வங்கிக் காகிதங்களை எல்லாம் ஒழுங்கு செய்து வைத்தார். அந்த வாரம் என்னோடு ஒரு விஷயத்துக்குக்கூட வாதம் செய்யவில்லை."

"அப்பாவும் அப்படித்தான் இருந்தார்."

"ஆமாம்."

"உங்க மேசைக்கு வந்தப்பவுமா?"

"ஆமாம்."

அவள் யோசித்தாள். கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல் யோசித்தாள்.

"அப்படின்னா, பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

"தெரிந்தது," என்றேன்.